ரவுண்டு இல்லாத இன்ட்டு

பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். மானாம்பதியில் எங்கள் வீட்டுக்காரருக்குத் தங்கை முறையில் ஒருத்தி இருக்கிறாள், கஸ்தூரி என்று பெயர். போன வாரம் அவள் வீட்டுக்குப் பத்திரிகை வைக்கப் போயிருந்தோம். இவர் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் எடுத்து அடுக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் என்னைக் காணோம். நான் பின்பக்கம் மாட்டுக் கொட்டகையில், பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாடு தண்ணீர் குடிக்கிற டயர் தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"பத்திரிக வெக்க வந்த எடத்துல மாட்டுத் தொட்டியத் தடவிக்கினு இன்னா பண்ற நீ?" என்றார் இவர். பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகத்தான். ஆனால் மாட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

உங்களிடம் சொல்வதற்கு என்ன, எனக்கு இந்த வியாதி ரொம்ப நாளாக உண்டு. பஸ் ஸ்டாண்டில் நின்றால் பஸ்ஸுக்குள் இடம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன், டயரைப் பார்ப்பேன். ரோட்டில் லாரி டயரிலிருந்து பிய்ந்து விழுந்த ரப்பர் கிடந்தால் ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கி, கட்டை விரலால் அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் போவேன். ஒட்டு விட்டதா, உள்ளே நூல் விட்டதா என்று விரலுக்குத் தெரியும். போகிறவர் வருகிறவர் எல்லாம் இந்த அம்மாவுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். மாட்டுத் தொட்டியைக் கண்டாலோ இன்னும் மோசம். கை வைக்காமல் என்னால் அந்த வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்க முடியாது.

டயர் தொட்டி எப்படிச் செய்வார்கள் தெரியுமோ? பழைய லாரி டயரில் ஒரு பக்கத்துச் சுவரை அறுத்து எடுத்துவிடுவார்கள். பிறகு நாலு பேர் சேர்ந்து மூச்சுப் பிடித்து, சட்டையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே வருமே, அந்த மாதிரி அதைத் திருப்பிப் போடுவார்கள். அடியில் இருக்கிற ஓட்டைக்குச் சிமெண்டு பூசிவிட்டால் தொட்டி தயார். வாளி மாதிரி உடையாது, மாடு முட்டினாலும் கவிழாது. எனக்கு வேண்டியது அதெல்லாம் இல்லை. ரோட்டில் ஓடிய காலம் முழுக்க யார் கண்ணிலும் படாமல் இருந்த உள்பக்கம், தொட்டியாகிவிட்டால் வெளியே வந்துவிடும். அதுதான் எனக்கு வேண்டியது.

கஸ்தூரி வீட்டுத் தொட்டியின் உள்பக்கத்தில், அதாவது வெளியே வந்துவிட்ட உள்பக்கத்தில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரப்பர் பேட்ச் ஒட்டியிருந்தது. நான்கு மூலையில் மூன்று ஒழுங்காக வளைந்திருந்தன. ஒன்று மட்டும் சாய்ந்து போயிருந்தது. நான் இடது கைக்காரி. எங்கள் கம்பெனியில் இருந்ததோ வலது கைக்காரர்களின் கத்தரிக்கோல். நான் எந்தப் பேட்ச் வெட்டினாலும் ஒரு மூலை இப்படித்தான் கோணிக்கொண்டு போகும்.

வெயிலில் சூடாகியிருந்த அந்த ரப்பரின் மேல் மூக்கை வைத்தேன். தவிடு வாசனை, மாட்டு மூத்திர வாசனை, அதற்கெல்லாம் அடியில் அந்த வாசனை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் என் தலைமுடியில், சோற்றில், தலையணையில் எல்லாம் இருந்த வாசனை.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற ரோட்டில் எங்கள் ரீட்ரேடிங் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, நாலு மெஷின், ஒரு பெரிய இரும்புக் குக்கர். அந்தப் பக்கம் கல் குவாரிகள் நிறைய. ஜல்லி ஏற்றின டிப்பர் லாரிகள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். பாலாற்றில் மணல் அள்ளின காலம் வேறு. ஓடுகிற லாரிக்கு டயர் தேயாமல் இருக்குமா? எங்கள் வாசலில் மொட்டை டயர்கள் மலை மாதிரி கிடக்கும்.

ரீட்ரேடிங் என்றாலே இப்போது எல்லோருக்கும் இளக்காரம். எங்கேயாவது லாரி கவிழ்ந்தால் மறுநாள் பேப்பரில் "ரீட்ரேடிங் டயர் வெடித்தது" என்று போட்டுவிட்டு வேலை முடிந்த மாதிரி உட்கார்ந்துகொள்கிறார்கள். பத்து டன் ஏற்ற வேண்டிய வண்டியில் இருபது டன் ஏற்றியவனைக் கேட்பதில்லை. டயர்தான் குற்றவாளி! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லாரி டயரில் தேய்வது மேல்தோல் மட்டும்தான். உள்ளே நூல் நூலாகப் பின்னி இறுகின உடம்பு ஒன்று இருக்கிறது. நாங்கள் அதைக் கேசிங் என்போம். அது திடமாக இருந்தால், தேய்ந்த தோலைச் சுரண்டிவிட்டுப் புது ரப்பர் போட்டு இன்னொரு ஓட்டம் தாராளமாக ஓட்டலாம். இதில் என்ன ஏமாற்று வேலை? ஆகாயத்தில் பறக்கிற விமானத்துக்கே இப்படித்தான் ரப்பர் போடுகிறார்கள். போய் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

ஆனால் எல்லாம் அந்த உடம்பைப் பொறுத்தது. அது செத்துப் போயிருந்தால், மேலே தங்கத்தையே சுற்றினாலும் வெடிக்கும். உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்ல எங்கள் கம்பெனியில் ஒருவர்தான் இருந்தார். ஏகாம்பரம் அண்ணன்.

அவர் டயர் பார்க்கிறதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டயரின் வாயை மெஷினில் விரித்துப் பிடித்து, ஒயரில் கட்டின பல்பை உள்ளே விட்டு, வெறுங்கையால் உள்சுவர் முழுக்கத் தடவிக்கொண்டே போவார். ஆணி, கம்பி எது குத்தினாலும் கையை எடுக்க மாட்டார். பிறகு ஒரு சின்ன இரும்புத் தடியால் சுற்றிலும் தட்டுவார். நல்ல இடம் டங் என்று சொல்லும். உள்ளே நூல் விட்டுப்போன இடம் மொத் என்று சொல்லும். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் யார் பேசினாலும் "சும்மா கெட" என்பார். முதலாளியே பேசினாலும் அதேதான்.

தேறாத டயர் என்றால் ஏகாம்பரம் அண்ணன் சாக்பீஸில் குறி போட மாட்டார். சாக்பீஸை யார் வேண்டுமானாலும் துடைத்துவிடலாம் இல்லையா? கையில் இருக்கிற குத்தூசியால் டயரின் உள்சுவரில் ஆழமாக ஒரு இன்ட்டு கீறிவிடுவார். அதுதான் தீர்ப்பு. மறுநாள் காலை வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்ப்பார். அப்போது மனசு மாறினால், அந்த இன்ட்டைச் சுற்றி அதே ஊசியால் ஒரு ரவுண்டு கட்டுவார். ரவுண்டு கட்டினால் பாஸ். கீறின இடத்தில் சும்மா விட்டால் ஈரம் இறங்கும் என்பதால், ரவுண்டு கட்டின டயருக்கு அந்த இடத்தில் ஒரு பேட்ச் போட வேண்டும். அது என் வேலை. ரவுண்டு இல்லாத இன்ட்டு என்றால் டயர் கொல்லைக்குப் போய்விடும். அவ்வளவுதான். இந்த ஒரு சட்டம்தான் எங்கள் கொட்டகைக்கு.

பேட்ச் போடுவது, கல் குத்தின காயங்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து ரப்பர் அடைப்பது, ஒட்டுவதற்குச் சொல்யூஷன் தடவுவது, இவையெல்லாம் நான் பார்த்தேன். பழைய தோலை மெஷினில் சுரண்டும்போது கறுப்பு மாவு பறக்கும். தலையில் துணி கட்டியிருந்தாலும் போய் உட்காரும். காலையில் வைத்த மல்லிப்பூ மத்தியானத்துக்குள் கரித்துண்டு ஆகிவிடும். சொல்யூஷன் வாசனைக்கு டவுன் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலி. கூட்டத்தில் எல்லோரும் நசுங்கிக்கொண்டு நிற்க, நான் மகாராணி மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்து வருவேன். அதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

காயமெல்லாம் அடைத்த பிறகு புது ரப்பரைச் சுற்றி உருளையால் அழுத்தி, மேலே உறை மாட்டிக் குக்கருக்குள் தள்ளுவார்கள். காலையில் கதவைச் சாத்தினால் மத்தியானச் சாப்பாடு முடிந்துதான் திறப்பார்கள். திறக்கும்போது ஒரு ஆவி வரும் பாருங்கள், அதில் எங்கள் எல்லோருக்கும் கண் எரியும், ஆனாலும் எல்லோரும் எட்டிப் பார்ப்போம். உள்ளே போனபோது கிழடாக இருந்தது கறுகறுவென்று வெளியே உருண்டு வரும். எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வந்துவிடும்.

அந்தக் கதவு திறக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பவர் தேசிங்கு அண்ணன். குவாரி டிப்பர் டிரைவர். வரும்போதே சத்தம் கேட்கும்.

"டாக்டரம்மா! எம் புள்ள எழுந்து உக்காந்துச்சா? கஞ்சி கிஞ்சி குடிச்சிதா?"

டயரைத்தான் கேட்பார். காயத்துக்கு மருந்து போடுகிறவள் என்பதால் நான் டாக்டரம்மா. ஏகாம்பரம் அண்ணனுக்கும் அவருக்கும் பள்ளிக்கூடத்து சிநேகம். ஒரே டம்ளரில் டீயைப் பாதிப் பாதியாகக் குடிப்பார்கள். "ஏகா கை வெச்ச டயருன்னா நான் கண்ண மூடிக்கினு ஓட்டுவேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிவார் மனுஷன். கண்ணை மூடிக்கொண்டுதான் ஓட்டினார். அந்த நம்பிக்கையை யார் உடைத்தார்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

ஒரு நாள் குவாரியிலிருந்து டயர்கள் வந்தன. தேசிங்கு அண்ணன் வண்டியின் டயர்கள். ஒன்றை ஏகாம்பரம் அண்ணன் தட்டித் தட்டிப் பார்த்தார். மொத் மொத் என்றது. கை எட்டுகிற தூரத்துக்கு உள்ளே நூல் விட்டிருந்தது. இன்ட்டு கீறி ஓரமாக உருட்டிவிட்டார். மறுநாள் அவர் அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீர். லீவு.

அவர் லீவு போட்ட அன்றைக்கு நான் வேலைக்குப் போகிறேன், அந்த டயர் என் மேஜையின் மேல் இருக்கிறது. மேல்தோல் சுரண்டி, காயத்துக்குத் தயாராக. உள்ளே பார்த்தேன். இன்ட்டு இருந்தது. ரவுண்டு இல்லை.

முதலாளி பின்னால் வந்து நின்றார். "ஏம்மா, அத்த சீக்கிரம் முடி. வண்டி ஒரு டயருக்காக நின்னுக்கினு கீது."

"ரவுண்டு கட்டலையே சார்."

"ஏகாம்பரம் காலைல வந்து பாத்துட்டுதான் பங்ஷனுக்குப் போனாரு. அவசரத்துல கட்ட மறந்துட்டாரு போல. நீ பேட்ச் போடு."

ஏகாம்பரம் அண்ணன் சாப்பிட மறப்பார். சம்பளம் வாங்க மறப்பார். ரவுண்டு கட்ட மறக்க மாட்டார். அது எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும். நான் சின்னப் பெண், பயந்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லிப் பார்க்கலாம். இருபத்து மூன்று வயசு எனக்கு. சின்னப் பெண்ணா அது? குவாரிக்காரர் வந்து வாசலில் நிற்கிறார், முதலாளி முகம் கடுகடுவென்று இருக்கிறது, ஒரு பேட்ச்தானே என்று நினைத்தேன். அந்தக் கீறலுக்குள் சொல்யூஷனைத் தடவி, மெத்தென்ற ரப்பரை அழுத்தி அடைத்து, மேலே இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேட்ச் வெட்டி ஒட்டினேன். ஒரு மூலை வழக்கம் போலக் கோணிக்கொண்டு போனது. உருளையால் அழகாக வேறு அழுத்திவிட்டேன். பாழாய்ப்போன கை.

சாயங்காலம் தேசிங்கு அண்ணன் வந்து டயரைத் தட்டிக் கொடுத்துவிட்டு உருட்டிக்கொண்டு போனார். "ஏகா எங்க?" என்று கேட்டார். "லீவு" என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

ஐந்தாம் நாள், ஜல்லி ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேல் வரும்போது பின் டயர் வெடித்தது. வண்டி கரையிலிருந்து உருண்டது. ஜல்லி முழுக்க கேபின் மேல் சரிந்தது. தேசிங்கு அண்ணனை எடுக்கும்போது உயிர் இல்லை.

அடுத்த நாள் எங்கள் எல்லோரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், எனக்கு அந்தப் பெயரைச் சொல்லவே பிடிக்காது. நசுங்கின டிப்பர் அங்கே புளியமரத்தடியில் நின்றது. வெடித்த டயர் சக்கரத்தோடு தனியாகக் கிடந்தது. பக்கச் சுவர் ஒரு முழத்துக்குக் கிழிந்து வாய் பிளந்திருந்தது. நாங்கள் போட்ட மேல் ரப்பர் துளி பிரியவில்லை. அதைப் பார்த்து ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது என்றால் காறித் துப்புவீர்கள். இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி போலீஸ்காரரிடம் நல்ல பிள்ளை மாதிரி சொன்னார். "டயரப் பாத்து பாஸ் பண்றது ஏகாம்பரம்தான் சார். அவரு சொன்னா நாங்க போடறோம். அவரு சொல்லலன்னா தொடக்கூட மாட்டோம்."

ஏகாம்பரம் அண்ணன் அழுது அழுது முகம் வீங்கியிருந்தார். சிநேகிதனைப் பறிகொடுத்த துக்கத்தில் நின்றவருக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. ஏறினதும் ஒரே தாவலாகத் தாவி டயரிடம் போய் உட்கார்ந்தார். கிழிசலுக்குள் கையை விட்டார். "நான் இன்ட்டு போட்டேன் சார். ரவுண்டு கட்டல. இத்தோ, இந்தப் பேட்ச்சுக்குக் கீயே கீது பாருங்க. பிச்சிப் பாருங்க சார்."

"சாட்சிப் பொருள்யா அது. கை வெக்காத" என்றார் போலீஸ்காரர். சாட்சிப் பொருளாம்! சாட்சி உள்ளே இருக்கிறது, பிய்த்துப் பார் என்கிறான் ஒருத்தன். பொருளைத் தொடாதே என்கிறான் இன்னொருத்தன்.

அப்போது ஏகாம்பரம் அண்ணன் உட்கார்ந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் குரலில் கோபமே இல்லை. பேட்ச் போடுகிறவளிடம் வேலை விஷயம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"யம்மா, நீ ஒட்டுறப்போ ரவுண்டு இருந்துச்சா?"

முதலாளி என்னைப் பார்த்தார். ஸ்டேஷனுக்கு வருகிற வழியிலேயே அவர் எனக்குச் சொல்லியிருந்தார்: "பேட்ச் போட்டது யாரு? நீ. இன்ட்டு இருந்துச்சுன்னு சொன்னா தெரிஞ்சே போட்டேன்னு ஆவும். கேஸு உம் மேல வரும். அப்பறம் உன்ன எவன் கட்டுவான்?" எனக்கு அப்போதுதான் இவரை நிச்சயம் செய்திருந்தார்கள்.

"கவனிக்கலண்ணா" என்றேன்.

ஒரே வார்த்தை. அவர் தலையை ஆட்டினார். சரிம்மா என்று சொல்வது போலத்தான் ஆட்டினார். அப்புறம் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு நின்றார். வேறு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மூன்று நாள் மறைத்து வைத்தேன். நாலாம் நாள் எங்கள் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு "வா" என்றார். இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். புளியமரத்தடியில் டிப்பர் நின்றது. சக்கரமும் கிடந்தது. சக்கரத்தில் வேறு ஏதோ ஒரு கிழிந்த டயர்.

புகார் எழுதுகிற போலீஸ்காரர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

"கீறல் எங்க கீது?"

"டயர்ல சார்."

"டயர் எங்க கீது?"

"இங்கதான் இருந்துச்சு சார். இது அது இல்ல. மாத்திட்டாங்க."

"போய் கல்யாண வேலயப் பாரும்மா" என்றார். அப்பா திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காரவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டினால் என் ரத்தம் கொதிக்கிறது. கேஸ் ஏகாம்பரம் அண்ணன் மேல் போனது. வருஷக்கணக்கில் இழுத்து ஒருநாள் ஒன்றுமில்லாமல் முடிந்தது. ஆனால் அதற்குள் அவர் முடிந்துவிட்டார். ஆளைக் கொன்ற டயரைப் பாஸ் பண்ணினவர் என்று ஊர் பூராவும் பேச்சு. எந்த ரீட்ரேடிங் கம்பெனியிலும் சேர்க்கவில்லை. தேசிங்கு அண்ணன் கருமாதிக்குப் போனவரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். முதலாளி அடுத்த வருஷமே புதுக் கார் வாங்கினார். நான் கல்யாணம் ஆகி வந்துவிட்டேன். நன்றாக இருக்கிறேன். பிள்ளை பெற்றேன், வீடு கட்டினேன், இப்போது பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிறேன். கவனிக்காதவளுக்கு என்ன குறை!

அந்த டயர் மட்டும் எங்கேயோ இருக்கும் என்று எனக்குத் தெரியும். நூல் டயரை எரிக்க மாட்டார்கள், புதைக்க மாட்டார்கள். ஒன்று செருப்பாகும், இல்லையென்றால் கிழிந்த பக்கத்தை அறுத்துப் போட்டுவிட்டுத் தொட்டியாக்குவார்கள். அன்றையிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் மாட்டுத் தொட்டியைத் தடவிக்கொண்டு வருகிறேன். இரண்டு முறை என் கோண மூலைப் பேட்ச் கிடைத்தது. இரண்டையும் பிய்த்துப் பார்த்தேன். இரண்டிலும் இன்ட்டைச் சுற்றி ஒழுங்காக ரவுண்டு இருந்தது. அண்ணன் பாஸ் பண்ணின டயர், ஓடி முடித்து, நல்லபடியாகத் தொட்டியானவை.

மூன்றாவது இது. கஸ்தூரியிடம் ஒரு கத்தி கேட்டேன்.

"ஐயோ அண்ணி, பிச்சா தண்ணி ஒழுகிடும். மாட்டுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்."

"ஒழுகாது. அதுக்குக் கீயே ஓட்ட இல்ல. வெறும் கீறலுதான்."

"கீறலுக்கா இம்மாம் பெரிய பேட்ச்சு போட்டாங்க?" என்றாள் அவள். கேட்டபடியே கத்தியை எடுத்து வந்து கொடுத்தாள்.

வெயிலில் ஓரமெல்லாம் காய்ந்து எழும்பியிருந்தது. கத்தியை நுழைத்துப் பிடித்து இழுத்தேன். மாடு மிரண்டு பின்னால் போனது. பேட்ச் முழுசாகக் கையோடு வந்தது. நான் அன்று கீறலுக்குள் அடைத்த ரப்பரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதனால் பேட்ச்சின் முதுகில் ஒரு இன்ட்டு மேடாகத் துருத்திக்கொண்டு நின்றது. சுற்றிலும் விரலை ஓட்டினேன். வழவழவென்று இருந்தது. ரவுண்டு இல்லை.

இவர் இருபத்தைந்து வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவர், என் முகத்தைப் பார்த்ததும் தட்டை கஸ்தூரி கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். "திருமுக்கூடல் போகணும்" என்றேன். ஏகாம்பரம் அண்ணன் வீடு அங்கேதான்.

வழியில் எங்கள் கம்பெனி இருந்த இடம் வந்தது. கொட்டகை இல்லை, குக்கர் இல்லை. இப்போது அங்கே கண்ணாடி போட்ட டயர் ஷோரூம். வாசலில் பழைய கேசிங்குகள் குவிந்து கிடந்தன, எங்கேயோ வெளியூருக்கு ஏற்றி அனுப்ப. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் நாலைந்தில் கையை விட்டுப் பார்த்தேன். ஒன்று உள்ளே பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. அதன் மேல் கம்ப்யூட்டர் ஸ்டிக்கர் ஒன்று பளபளவென்று ஒட்டியிருந்தது. கடைப் பையன் ஓடி வந்து "இன்னா ஆன்ட்டி வேணும்?" என்றான். "இத்த யாருப்பா பாத்தது?" என்று கேட்டேன். "எத்த?" என்றான். தட்டிப் பார்க்கிறவன் இல்லை. இது வேண்டாம் என்று ஊசியால் கீறுகிறவன் இல்லை. முதலாளியைப் பார்த்துச் "சும்மா கெட" என்று சொல்ல எவனும் இல்லை.

ஏகாம்பரம் அண்ணன் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அது எனக்குத் தெரியும். சாவுக்கும் நான் போகவில்லை. வீட்டில் அவர் மனைவி மல்லிகா அண்ணி மட்டும்தான் இருந்தாள், தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கையோ தைத்துக்கொண்டு. மெஷினின் ஒரு கால் குட்டை. மிதிக்க மிதிக்க மெஷின் முழுவதும் கடகடவென்று ஆடிற்று. என்னைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. உட்காரச் சொல்லவில்லை.

பேட்ச்சை நீட்டினேன். "அண்ணி, கெடச்சிடுச்சி. இத்தோ பாருங்க, இன்ட்டு. ரவுண்டு இல்ல. அண்ணன் சொன்னதுதான் நெஜம். நான்தான்..."

அவள் வாங்கினாள். அண்ணன் போலவே கட்டை விரலால் அந்த மேட்டைத் தடவினாள். வாழ்நாள் பூரா அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் பழகியிருக்க வேண்டும். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு கேட்டப்போ கவனிக்கலன்னு சொன்ன. இன்னிக்கி யாரு கேட்டா உன்ன?"

அவள் நாற்காலியை விட்டு இறங்கி, தரையில் மண்டியிட்டு, அந்தப் பேட்ச்சை நாலாக மடித்து மெஷினின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். திரும்பவும் ஏறி உட்கார்ந்து மிதித்தாள். ஆட்டம் நின்றுவிட்டது. அவள் ரவிக்கையைத் தைக்க ஆரம்பித்தாள்.

பெயர் எழுதாத பத்திரிகை ஒன்று என் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்காமலே வந்துவிட்டேன்.